தேனீப் பெட்டியும் வெள்ளிக்கிழமையும்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் யாராவது தேன் பாட்டிலைத் திறந்தால் போதும், "இதெல்லாம் ஒரு தேனா" என்று ஆரம்பித்துவிடுவோம். எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் சர்க்கரைப் பாகு, கலப்படம் என்று அரை மணி நேரம் ஓடும். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. சர்க்கரை நோய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். சர்க்கரை இருப்பது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல.

ஓரணாவுக்கு ஆறு நயா பைசாவா ஏழா என்று எல்லாரும் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி தூரத்தில், ஏரியை ஒட்டி எங்கள் ஊர். என் அப்பா, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனா, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். ஐந்து வகுப்பும் ஒரே கூரைக்குள் நடக்கும்.

நைனா சாமி கும்பிடாதவர். சாதி கிடையாது, எல்லாரும் சமம் என்று கூட்டங்களில் பேசுவார். பேச்சோடு விடாமல் செய்தும் காட்டுவார் என்பதுதான் ஊரில் அவருக்கு இருந்த மரியாதைக்கும் முணுமுணுப்புக்கும் காரணம். அந்த வருஷம் தை மாதத்துக்கு முன்னாலேயே ஏரிக்கரையில் இருந்த இருளர் குடிசைகளுக்கு நாலைந்து முறை நடந்து, பேசிப் பேசி, ஒரு பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்துவிட்டார். அந்தக் கரையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் வந்த முதல் ஆள் அவள்தான். என் வயது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் தலை ஒரு முழம் உயர்ந்து தெரிந்ததால் என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

நாலே மாதத்தில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை முடித்து இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போய்விட்டாள். மனக்கணக்கில் என்னைவிட வேகம். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய அப்பா தேன் எடுக்கிறவர். அறுப்புக் காலத்தில் கூலிக்குப் போவார், மற்ற நாளில் தோப்பு தோப்பாகப் போய்ப் பொந்துத் தேன் எடுத்து விற்பார். ஊரில் எல்லாரும், நான் உட்பட, அவரை "வா, போ" என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்களை "சாமி" என்பார். நைனா மட்டும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று கண்டித்து "வாத்தியாரே" என்று பழக்கியிருந்தார். ஒரு நாள் அந்தத் தேன்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று சொன்னார்:

"வாத்தியாரே, இதுக்குப் பேரு எழுதத் தெரிஞ்சா போதும். அதுக்கு மேல களையெடுக்கப் போவட்டும்."

"பேரு இன்னாப்பா, பெட்டிஷனே எழுதும் உன் பொண்ணு. அடுத்த வருஷம் மூணாவதுல போடறேன். கைய வெச்சி நிறுத்திடாத."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு களையெடுப்புப் பேச்சே வரவில்லை. அவள் ஒரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு வராமல் இருக்கவும் இல்லை.

மாசி மாதத்தில் தேனீப் பெட்டி வந்தது. பிளாக் ஆபீசின் கிராம சேவக், ஒல்லியான மனிதர், மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். மரத்தால் செய்த இரண்டடுக்குப் பெட்டி. உள்ளே வரிசையாகச் சட்டங்கள், மேலே கூரை மாதிரி ஒரு மூடி, கீழே விரல் நுழையும் அளவு வாசல். எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சி. எங்கள் புழக்கடையில் முருங்கை மரத்துக்குக் கீழே நிறுத்தினார்கள்.

"ஈ எங்க சார்?" என்று நைனா கேட்டார்.

"ஈய நம்மதான் சார் புடிக்கணும். இது சீசன். கூட்டம் கூட்டமா பிரிஞ்சி வரும். புடிச்சி உள்ள போட்டா ஆச்சி. சித்திரையில ஆபீசர் பாக்க வராரு, அதுக்குள்ள பெட்டி நெறஞ்சி இருக்கணும்."

பிடித்து உள்ளே போட்டால் ஆச்சு. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீடு இரண்டு மாதம் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது.

முதல் கூட்டம் வேப்ப மரத்தில் வந்து இறங்கியது. தூரத்தில் யாரோ அம்மியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், நிமிர்ந்து பார்த்தால் கிளையில் பழுப்பாக ஒரு பொதி தொங்குகிறது, பொதி முழுவதும் நெளிகிறது. தேனீக் கூட்டம் இறங்கினால் சத்தம் போட்டு நிறுத்த வேண்டும் என்று பக்கத்து வீடுகளில் தாம்பாளத்தைத் தட்டினார்கள். ஒருவர் மண்ணை வாரி இறைத்தார். கிராம சேவக் ஏணியில் ஏறிப் போர்வையை விரித்துப் பிடிக்க, நைனா கீழிருந்து கிளையைத் தொரட்டியால் உலுக்கினார். பாதி ஈ போர்வைக்குள்ளும் பாதி கிராம சேவக்கின் சட்டைக்குள்ளும் போயின. அவர் ஏணியிலிருந்து இறங்கிய வேகத்தை நான் எந்த சர்க்கஸிலும் பார்த்ததில்லை. கூட்டம் எழுந்து பனை மரத்து உச்சிக்குப் போய் உட்கார்ந்து, சாயங்காலம் போய்விட்டது. மறுநாள் கிராம சேவக்குக்குக் கண் திறக்கவில்லை.

"பேஜாராப் போச்சி சார்" என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "எங்க நைனாவக் கூப்புட்டா வெறுங்கையில எடுத்துக் குடுக்கும்" என்றாள். அதை நான் வீட்டில் வந்து சொன்னேன். அப்படித்தான் தேன்காரர் எங்கள் புழக்கடைக்கு வந்தார்.

வெறுங்கையில்தான் எடுத்தார். அடுத்த கூட்டம் முருங்கையிலேயே, கை எட்டும் உயரத்தில் தொங்கியது. அவர் யாரையும் சத்தம் போட விடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தார். பிறகு கையை மெல்ல அந்தப் பொதிக்குள் விட்டு, அரிசி அள்ளுகிற மாதிரி ஒரு கை அள்ளிப் பெட்டிக்குள் வைத்தார். இரண்டாவது கை, மூன்றாவது கை. "ராணி உள்ள போயிடிச்சி, மத்ததுங்க தானா வரும்" என்றார். அதேபோல மீதி ஈக்கள் வரிசையாக வாசல் வழியே உள்ளே நடந்தன. நைனா அவர் தோளில் கையைப் போட்டு நாஷ்டா சாப்பிட்டுப் போகச் சொன்னார். அன்று புதன்கிழமை.

வெள்ளிக்கிழமையைப் பற்றி இனிமேல் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் வாசகசாலைக்குப் போவார், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். அந்த இரண்டு மூன்று மணி நேரம் அம்மாவுடையது. வீட்டைக் கழுவி, படத்துக்குப் பூ வைத்து, தூபக்காலில் நெருப்பை அள்ளிச் சாம்பிராணி போட்டு வீடு முழுவதும் காட்டுவாள். மற்ற நாட்களில் செய்தால் நைனா, "கல்லுக்குப் புகை போட்டா இருமாது, நமக்குத்தான் இருமல் வருது" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த சூட்டோடு போய்விட்டன. அந்த வருஷம் மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமையையும் விட்டுவிடுகிற தைரியம் அவளுக்கு இல்லை.

பெட்டிக்குள் ஈ வந்து தங்கியதும் அம்மாவுக்கு அது வெறும் பெட்டியாகத் தெரியவில்லை. வீடு தேடி வந்த லட்சுமி என்றாள். வாசலைச் சுற்றி மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள். எறும்புக்காக என்று நைனாவிடம் சொல்லிக்கொண்டாள். சாமிக்குக் காட்டி முடித்ததும் தூபக்காலை என் கையில் கொடுத்து, "பொட்டிக்கும் காட்டுடி, நல்லாக் காட்டு" என்றாள். நான் நன்றாகவே காட்டினேன். வாசலுக்கு நேராகப் பிடித்து, புகை உள்ளே போகும்படி விசிறியால் விசிறினேன். ஈக்கள் உறுமின. மந்திரம் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பெட்டி காலி.

தேன்காரர் போய்த் தேடி, ஏரிக்கரைப் புளிய மரத்தில் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்து, ஒரு பானையில் போட்டு மறுபடியும் கொண்டுவந்தார். பெட்டியில் விட்டுவிட்டுக் குனிந்து வாசலை மோந்து பார்த்தார். நைனா பள்ளிக்கூடத்தில் இருந்தார். அம்மா மோர் கொண்டுவந்து ஊற்றினாள். குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. பொட்டிகிட்ட பொக வாணாம். காடு பத்திக்கிச்சின்னு நெனச்சி ஓடிப்பூடும்."

"அது சாம்பிராணி. சாமிக்குப் போடறது."

"இன்னா பொகையா இருந்தாலும் ஈக்கு ஒண்ணுதாம்மா."

அம்மா சொம்பை வாங்கிக்கொண்டாள். அவர் போன பிறகு அதை வேகமாகக் கழுவினாள். "என் வூட்டு வெள்ளிக்கிழமைய இவன் வந்து சொல்றானா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க நைனா கைல இத சொல்லிக்கினு இருக்காத. தெரிஞ்சா அடுப்புல கூட நெருப்பு வெக்க வுட மாட்டாரு" என்றாள். நான் தலையாட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் புகை காட்டினோம். சனிக்கிழமை பெட்டி காலி. பங்குனியில் மூன்றாவது முறையாக ஒரு கூட்டம், அதையும் ஏரிக்கரையிலிருந்து அவர்தான் பிடித்துக் கொடுத்தார். வெள்ளி, சனி, காலி.

எனக்கு எல்லாம் புரிந்திருந்தது என்று இப்போது சொன்னால் பொய் ஆகிவிடும். ஆனால் தேன்காரர் சொன்னது காதில் இருந்தது. இரண்டாவது முறை காலியானபோது சந்தேகம் வந்தது, மூன்றாவது முறை சந்தேகம் இல்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அன்று காலை அவள் பெட்டிப் பக்கமே பார்க்காமல் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

நைனாவுக்கு வேறு ஒன்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் ஈ ஏரிக்கரைக்கே போகிறது. ஒவ்வொரு தடவையும் இந்த ஆள் சரியாகப் போய்க் கண்டுபிடிக்கிறான். கிராம சேவக், "இவங்களுக்கு மருந்து கிருந்து தெரியும் சார், கூப்ட்டா வரும்" என்று எடுத்துக் கொடுத்தார். சாதி இல்லை என்று மேடையில் பேசுகிற மனிதருக்கு அதை நம்ப ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

தேன்காரர் குடிசைக்கு முன்னால் உட்கார்ந்து அடை பிழிந்துகொண்டிருந்தார். பானையில் பாதி தேன். அவருடைய பெண் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க எடுத்தது?"

"தாங்கல் பக்கம் இலுப்ப மரத்துல, வாத்தியாரே."

"என் பெட்டியிலேர்ந்து போனதா?"

"உம் பொட்டியில தேனே வெக்கலியே. வந்து நாலு நாளு கூட ஆவல."

இது எவ்வளவு சரியான பதில் என்று யோசித்திருந்தால் நைனாவுக்கே தெரிந்திருக்கும். அவர் யோசிக்கிற நிலையில் இல்லை.

"அப்ப இன்னாத்துக்குப் போவுது? மூணு தபா. சொல்லு."

தேன்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நைனாவை இல்லை, என்னை. நான் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் எப்படிப்பட்ட சண்டை வரும் என்று அவருக்குத் தெரியும், அம்மா எந்த நிலையில் இருக்கிறாள் என்பதும் கண்ணுக்குத் தெரிந்ததுதான்.

"தெரியல வாத்தியாரே" என்றார்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வந்தாள். நைனா வாசலிலேயே நிறுத்தினார். "உங்க நைனா வந்து உண்மைய ஒத்துக்கட்டும். அதுவரைக்கும் நீ வர வாணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். பொய்யை ஒத்துக்கொள்ள வைத்தால் அந்தக் குடும்பத்துக்கே நல்லது என்று மனதார நம்பினார். தேன்காரர் வரவில்லை. செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வார்? அவள் உட்கார்ந்த இடம் என் பக்கத்தில் காலியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து நான் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

பங்குனிக் கடைசியில் நாலாவது கூட்டம் வந்தது. தேன்காரர் செய்ததைப் பார்த்துப் பார்த்து நைனாவுக்கே கை பழகியிருந்தது. ஏழெட்டு இடத்தில் கொட்டு வாங்கினாலும் பெட்டிக்குள் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தூபக்காலோடு படத்துக்கு முன்னால் நின்றாள், கூடத்தைச் சுற்றினாள், புழக்கடைக் கதவு வரை வந்தாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஈ இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. ஒரு வாரத்தில் வெள்ளை வெளேரென்று அடை கட்டத் தொடங்கியது.

"பாத்தியா, அந்த ஆளு வர்றது நின்னுச்சி, ஈ போறதும் நின்னுச்சி" என்றார் நைனா.

இதைவிடப் பெரிய சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. சித்திரையில் ஆபீசர் வந்து பார்த்துப் பாராட்டினார். தேனீ வளர்ப்பின் நன்மைகளைப் பற்றி நான் மனப்பாடம் செய்த பேச்சைப் பேசி ஒரு பென்சில் பெட்டி வாங்கினேன். சாகிற வரைக்கும் நைனா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏமாற்றுகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு உதாரணமாக. நல்ல மனிதர். ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். அம்மா அந்தக் கதை வரும்போதெல்லாம் ஏதாவது வேலையாக எழுந்து போய்விடுவாள். ஆவணியில் பிறந்த என் தம்பி பிழைத்து வளர்ந்து இப்போது ரிட்டையராகி ஆவடியில் இருக்கிறான். இதைப் படித்தால் அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று என்னோடு சண்டைக்கு வருவான். வரட்டும். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. என்னுடையதுதான் புரியவில்லை.

ஏனென்றால் எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது.

கோடை லீவு முடிவதற்கு முந்தின நாள், நாவல் பழம் பொறுக்குகிறேன் என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். அவள் கரைச் சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு முன்னால் பார்த்ததைவிடக் கறுத்திருந்தாள். கையில் அரிவாள் பட்ட காயம் இருந்தது. கொஞ்ச நேரம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினேன்.

"உங்க நைனா எடுக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "எங்கம்மா சாம்பிராணி போட்டாங்க. நான்தான் காட்டினேன். அதான் போயிடிச்சி."

அவள் ஆச்சரியப்படவில்லை. "எங்க நைனா சொல்லிச்சி" என்றாள். அரிவாளைக் கீழே வைத்தாள். "நீ உங்க நைனா கைல சொல்றியா? சொன்னா நான் வரலாமில்ல?"

"சொல்றேன்."

"மூணாவதுல போடுவாரா?"

"போடுவாரு. நாளைக்கித் தொறக்குது. நீ வந்துரு."

வீட்டுக்கு வந்தேன். அம்மா வீங்கின காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். நைனா புது வருஷத்துக்கு அட்டெண்டன்ஸ் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டாவது முறை, "இன்னா?" என்றார். "பசிக்குது" என்றேன்.

காலையில் அவள் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, துவைத்த பாவாடை கட்டி, பிரேயர் முடிகிற வரைக்கும் வேப்ப மரத்தடியில் நின்று, எங்களோடு வரிசையில் சேர்ந்துகொண்டாள். நைனா பார்த்துவிட்டார்.

"உங்க நைனா வந்துகீறாரா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பின்ன யாரு உன்ன வரச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் அவள் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஐந்தாம் வகுப்புப் புதுப் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

"யாரும் சொல்லல" என்றாள் அவள். "நானாத்தான் வந்தேன்."